நூற்றிருபது டிகிரி

மூலையில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

இரண்டு சுவர்களும் தரையும் சேருகிற மூலை. சுவரோரமாகத் தரையில் ஓடும் கோடுகள் இரண்டு அச்சுகள். சுவர்கள் சேர்ந்து மேலே போகிற கோடு மூன்றாவது. நீட்டிய வலக்கைதான் வெக்டர். ஒவ்வொரு வருடமும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குத் திசைக்கோணத்தை இப்படித்தான் நடத்துவாள்.

ஸ்கூட்டர் விபத்து நடந்து சில மாதங்களுக்குப் பிறகு இன்றுதான் முதல் வகுப்பு.

கடைசி பெஞ்சில் தலைமை ஆசிரியை உட்கார்ந்திருந்தார். இவளால் முடிகிறதா என்று பார்க்க வந்திருக்கிறார். முடியாவிட்டால் கணக்கு வேறொருவருக்குப் போகும், இவள் நூலகத்துக்குப் போவாள். நல்ல காற்றோட்டமான இடம் என்று நேற்றே சொல்லிவிட்டார்.

கையைத் தூக்கினாள்.

தோள் மட்டத்துக்குக்கூட வரவில்லை. பாதியில் நின்றுவிட்டது.

வெட்கமாக இருந்தது. ஆனாலும் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். இந்தச் சுவரோரத்தோடு அறுபது டிகிரி, அந்தச் சுவரோரத்தோடு நாற்பத்தைந்து என்று வைத்துக்கொண்டால், மேலே போகிற கோட்டோடு எவ்வளவு?

பிள்ளைகள் குனிந்து கணக்கைப் போட்டார்கள். மூன்று கொசைன்களின் வர்க்கங்களையும் கூட்டினால் ஒன்று. மூன்றாவதன் வர்க்கம் கால். அப்படியானால் கொசைன் அரை, இல்லையென்றால் மைனஸ் அரை. கை மேல்நோக்கி இருந்தால் அறுபது. கீழ்நோக்கி இருந்தால் நூற்றிருபது.

இத்தனை வருடமும் இரண்டையும் பலகையில் எழுதி, நூற்றிருபதைப் போகிற போக்கில் அடித்துவிடுவாள். கைதான் மேலே இருக்குமே.

“அறுபது, டீச்சர்,” என்றது வகுப்பு.

ஒருத்தியும் அவள் கையைப் பார்க்கவில்லை. சிலர் பலகையைப் பார்த்தார்கள், சிலர் ஜன்னலை. முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. நல்ல மனசுதான். அதுதான் தோளைவிட அதிகமாக வலித்தது.

கையை இறக்கிவிடலாம் போலிருந்தது.

இறக்கவில்லை. என் கையைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள்.

சிலர் நோட்டைப் புரட்டினார்கள்.

மூன்றாவது பெஞ்சில் ஜெசிந்தா எழுந்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். அவள் உட்காரவில்லை.

“கை கீழ பாத்துல்லா இருக்கு டீச்சர். அப்போ நூத்தியிருவது.”



டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை மாதத்தில் ஒருத்தியாவது இந்தக் கையை நேராகப் பார்த்தாளே.

பலகைக்குப் போனாள். சாக்பீஸை இடக்கையில் எடுத்தாள். அறுபது, நூற்றிருபது. எழுத்துகள் கோணல்மாணலாக விழுந்தன. பின் வரிசை வரை தெரிந்தன.

அறுபதை அடித்தாள்.

திரும்பியபோது வகுப்பு முழுக்கக் கைகள் நீண்டிருந்தன. சரிபார்க்கிறார்களாம். ஒவ்வொருத்தியும் சாய்த்துச் சாய்த்து, இவள் கை நின்ற இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

கடைசி பெஞ்சிலும் ஒரு கை நீண்டிருந்தது. தங்க வளையல் மணிக்கட்டுக்குச் சரிந்து கிடந்தது.