எதுகைக்குக் கிடைத்த பெயர்

"கடிதமா? சத்தியமா வரலைடி செலெஸ்தி" என்றாள் நதேர்சியா, ஆலிவ் கொட்டையைத் தட்டில் துப்பிக்கொண்டே.

பதினோரு வருடமாக இந்த ஒரு பதிலுக்காகத்தான் காத்திருந்தேன்.

என் மகன் ரூபென் செத்தபோது அவனுக்கு ஒன்பது வயது. லக்ஸம்பர்க்கில், பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே ஒரு வேன் அடித்துப் போட்டுவிட்டது. போனில் சொல்ல வாய் வரவில்லை. உட்கார்ந்து இவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் அம்மாவுக்குக்கூட அப்படி எழுதவில்லை. லிஸ்பனில் தையல் ஆலையில் ஏழு வருடம் பக்கத்து மிஷினில் உட்கார்ந்தவள், என் கல்யாணக் கவுனைத் தைத்தவள், இவளிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

பதில் வரவில்லை. வீம்புக்கு நானும் கூப்பிடவில்லை. ஆகஸ்ட் தவறாமல் ஊருக்கு வருகிறவள், வருவதையே நிறுத்திவிட்டேன்.

"யார் யாரோ சொல்லித்தான் தெரியும். அதுக்குள்ள ஒரு வருஷம் ஓடிப்போச்சு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உனக்கு போன் பண்றது, நீயே சொல்லு?"

நம்பினேன். நம்ப ஆசையாக இருந்தது, அதனால் நம்பிவிட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து தபால்காரனைத் திட்டினோம். ஒரு குவளை ஒயின் காலியானது. நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது என்றே நினைத்தேன்.

எங்கள் ஊர்ச் சோகப் பாட்டான ஃபாடோ பாடும் இந்தச் சாப்பாட்டுக் கடைக்கு வரமாட்டேன் என்றுதான் அவள் சொன்னாள். "ஒரே கூட்டமா இருக்கும்டி, வேற எங்கயாச்சும் மீன் சாப்பிடப் போலாம்" என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். லிஸ்பன் வரைக்கும் வந்துவிட்டு ஃபாடோ கேட்காமல் போவேனா?

விளக்கைக் குறைத்தார்கள்.

"பாடப்போறாங்க, எல்லாரும் வாயை மூடுங்க!" என்று கடைக்காரர் கத்தினார். அதற்குப் பிறகு பாட்டு முடியும்வரை ஒருவரும் மூச்சுவிடக் கூடாது. எங்களுக்குக் கருவாட்டு முட்டைக் கிளறல் கொண்டுவந்த பெண், தட்டை ஏந்தியபடி பாதி வழியிலேயே நின்றுவிட்டாள்.

கறுப்புச் சால்வை போர்த்திய பாடகி எங்கள் மேசையைப் பார்த்துச் சிரித்தாள்.

"இத எழுதினவங்க இன்னைக்கு இங்கயே உக்காந்திருக்காங்க. வெக்கப்படாதீங்க நதேர்சியா!"

இவள் பாட்டு எழுதுவாளா? எனக்குத் தெரியவே தெரியாது. பெருமையாகக்கூட இருந்தது. கள்ளி, சொல்லவே இல்லையே என்று மேசைக்கடியில் அவள் காலை உதைத்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

மெட்டு பழசு. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த மெட்டு, யார் வேண்டுமானாலும் அதில் தன் வார்த்தைகளைப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு தாய் மகனுக்கு ஷூ மாட்டிவிடுகிறாள். ஓடும்போது அவிழ்ந்துவிடக் கூடாதென்று இரட்டை முடிச்சுப் போடுகிறாள். சாயங்காலம் ரோட்டில் ஷூ மட்டும் கிடக்கிறது. முடிச்சு அவிழவே இல்லை.

அது என் முடிச்சு. என் கையால் நான் போட்ட முடிச்சு.

அந்தக் கடிதத்தில் தவிர வேறு யாரிடமும் அதை நான் சொன்னதில்லை. ஆக, கடிதம் வந்து சேர்ந்திருக்கிறது.

மேசையைப் புரட்டிப் போட்டுவிட்டுக் கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் ஃபாடோ நடக்கும்போது இந்த ஊரில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எத்தனை வருடம் வெளிநாட்டில் குப்பை கொட்டினாலும் நானும் இந்த ஊர்க்காரிதானே. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசி வரிக்குப் பாடகி கண்ணை மூடிக்கொண்டாள். "ஜுவாவ், என் ஜுவாவ்" என்று பிள்ளையின் பெயரை இழுத்தாள். இரண்டாம் முறை கடையே சேர்ந்து பாடியது. எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்தது.

கைதட்டல் ஓயவில்லை. நதேர்சியா என் கையைப் பிடித்தாள்.

"பதில் எழுதத்தான் உக்காந்தேன். எங்கம்மா மேல சத்தியம். என்ன எழுதினாலும் பொய்யாப் பட்டுச்சு செலெஸ்தி. கடைசில இதுதான் வந்துச்சு."

இது இன்றைக்கு அவள் செய்த இரண்டாவது சத்தியம்.

"என் மகன் பேர் ரூபென்" என்றேன்.

"ரூபெனுக்கு எதுகையே கிடைக்கலடி. தலைகீழா நின்னு பாத்துட்டேன். ஜுவாவ்னு போட்டா குரசாவோட ஒட்டிக்குது, அதான்..."

குரசாவ் என்றால் இதயம். இதயம் இல்லாமல் இங்கே யார் ஃபாடோ எழுதுகிறார்கள்?

பக்கத்து மேசைப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தார்.

"எப்படிம்மா எழுதினீங்க! அந்த ஜுவாவ் எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி ஆயிட்டான். ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போனா, என் பெஞ்சாதி அவனுக்குன்னு தனியா ஒரு மெழுகுவத்தி ஏத்துறா."

நதேர்சியா தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் பதில் சொன்னேன்.

"உங்க வேண்டுதல் வீண்போகலைங்க. ஜுவாவ் நல்லா இருக்கான். ஆறு மாசம் ஜெயில்ல இருந்துட்டு வந்து, இப்பவும் அதே வேனைத்தான் ஓட்டுறான்."

பெரியவர் விழித்தார். நதேர்சியாவும் விழித்தாள். சத்தியமாக அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை.

என் பிள்ளையை அடித்துப் போட்டவனும் நம் நாட்டுக்காரன்தான், பெயர் ஜுவாவ் என்று கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தேன். பாட்டுக்கு முதல் பக்கமே போதுமானதாக இருந்திருக்கிறது.