கும்பிடு போட்ட ஆமை

குயிலுக்கு ஒரு ரசிகர் குரூப் இருந்தது. காக்காதான் அட்மின். குயிலை நேரில் பார்த்ததில்லை என்றாலும், அதற்காக உயிரையே கொடுக்கும் காக்கா.

அந்தக் குரூப்பில் ஓர் ஆமை புதிதாகச் சேர்ந்தது. "நம்ம குயிலோட மாமரத்துப் பாட்டு மாதிரி வருமா!" என்று காக்கா போட்டிருந்தது. ஆமை மூக்கால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிப் பதில் எழுதியது: "அருமையாகச் சொன்னீர்கள் ஐயா. எனக்கு வேப்பமரத்துப் பாட்டும் பிடிக்கும்."

"ஐயாவா? யாரைக் கலாய்க்கிறே?" என்று சீறியது காக்கா.

"மன்னித்துவிடுங்கள் ஐயா, மனசாரத்தான் சொன்னேன்" என்று எழுதிய ஆமை, கூடவே ஒரு கும்பிடும் போட்டது.

"கும்பிடு வேறயா! எவ்வளவு கொழுப்பு உனக்கு!"

ஆமை பணிவாக எழுத எழுத, காக்காவுக்கு இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நின்றது. கடைசியில் ஆமைக்கும் பொறுமை போய்விட்டது.

"போடா கரிச்சட்டி மண்டையா! பாட்டைப் பத்தி உனக்கு என்னடா தெரியும்?"

காக்கா நெகிழ்ந்துபோனது. "இப்படி முதல்லயே மனசு விட்டுப் பேசியிருக்கலாம்ல மச்சான்!" என்று ஆமையையும் அட்மின் ஆக்கியது.

மறுநாள் புது நம்பர் ஒன்று குரூப்புக்குள் வந்தது. "அன்பு ரசிகர்களுக்கு வணக்கம். நான்தான் குயில். உங்கள் ஆதரவுக்கு நன்றி. என் புதுப் பாட்டை முதலில் உங்களுக்குப் பாடிக் காட்டலாமா?"

"பார்றா, வணக்கமாம், நன்றியாம்! யார்கிட்ட வந்து நக்கல்?" என்று ஆமையே அதைக் குரூப்பை விட்டுத் தூக்கியது.

பிறகு இரண்டும், குயில் ஏன் இன்னும் புதுப் பாட்டு பாடவில்லை என்று கேட்டு, ஒன்றையொன்று பாசமாகத் திட்டிக்கொண்டே காத்திருந்தன.