காரணமில்லாத இன்டு

கரும்பலகையின் ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று எழுதி, அடிக்கோடு போட்டுவிட்டுத் திரும்பினாள் வகுப்பு லீடர்.

நாலாம் வகுப்பு கப்சிப்.

டீச்சர் ஹெச்.எம். அறைக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை சாக்பீஸ் லீடர் கையில். பேசினால் பலகையில் பேர் ஏறும். மறுபடி பேசினால் பேருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி மாதிரி ஒரு இன்டு. ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு இன்டு. பேர் ஏறியவர்களுக்கு விளையாட்டு பீரியட் கிடையாது.

லீடருக்கும் ஒரு சட்டம் உண்டு. பேசாதவர்கள் மேல் பொய்யாகப் பேரோ இன்டோ எழுதினால் லீடர் பதவி போய்விடும்.

இவளுக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் போனார்கள். பிடிக்காதவன் பேரை எழுதுவது, மிட்டாய் கொடுத்தவன் பேரை அழிப்பது. பெரிய ஆட்களின் வேலையெல்லாம் அதற்குள் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

இவள் அப்படியில்லை. கூட உட்கார்ந்து சாப்பிடும் சிநேகிதியின் பேரையே எழுதியவள். ஒருநாள் "பேசாதீங்க" என்று தானே கத்திவிட்டதற்குத் தன் பேரையும் எழுதிவிட்டு, எல்லோரும் மைதானத்தில் ஓடும்போது தனியாக உள்ளே உட்கார்ந்திருந்தவள். அந்தச் சாக்பீஸ் கையில் இருப்பது அவளுக்கு உயிர். அதற்காகவே அப்படி ஒரு நேர்மை.

"எலே, அது எங்கம்மா வாங்கித் தந்த ரப்பர்லே! குடுலே!"

எல்லாத் தலைகளும் திரும்பின.

யார் குரல் என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்டிருந்தால்தானே தெரியும்.

முப்பிடாதி.

ஜூனில் வந்து சேர்ந்தவள். இப்போது டிசம்பர். வீட்டில் ஓயாமல் பேசுவாளாம், அவள் அம்மாவே சொன்னார். பள்ளிக்கூடத்து கேட்டைத் தாண்டினால் அவ்வளவுதான், ஒரு சொல் வராது. யாரும் அவளைப் பேசு பேசு என்று பிடுங்கக் கூடாது, பேசும்போது பேசட்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

யாரும் பிடுங்கவில்லை. நல்ல பிள்ளைகள்தான். ஆனால் நாளாக ஆக அவளைக் கூப்பிடவும் மறந்துபோனார்கள். கண்ணாமூச்சியில் அவளை யாரும் தேடுவதில்லை. அவளும் ஒளிவதில்லை.

ரப்பரை எடுத்த ஜெபாஸ்டின் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். ரப்பர் அவன் உள்ளங்கையில் அப்படியே இருந்தது.

இப்போது எல்லோரும் லீடரைப் பார்த்தார்கள்.

எழுதினால்? பயந்து வாயை மூடிக்கொண்டால் என்ன செய்வது? திறந்ததே இப்போதுதான்.

எழுதாவிட்டால்? மற்றவர்களுக்கு ஒரு சட்டம், முப்பிடாதிக்கு வேறு சட்டம் என்றாகிவிடும். மறுபடியும் அவள் கணக்கில் இல்லாதவள்.

லீடர் சாக்பீஸ் தூள் ஒட்டிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

எழுதினாள்.

முப்பிடாதி தன் பேரைப் பார்த்தாள். கீழுதடு லேசாகத் துடித்தது.

போச்சு, என்று நினைத்தாள் லீடர்.

"அவன் பேரையும் எழுது. அவன்தான எடுத்தான்?"

அவன் எடுத்தான். பேசவில்லையே. அவன் பேரை எழுத முடியாது. முப்பிடாதி பேசியதற்கு ஒரு இன்டு போட்டாள்.

"இது எதுக்கு?"

அதற்கும் ஒரு இன்டு. நியாயம்தான்.

முப்பிடாதிக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாயை இறுக்க மூடினாள். கையைக் கட்டிக்கொண்டு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துவிட்டாள்.

வகுப்பு அமைதியானது.

மற்ற நாளாயிருந்தால் லீடருக்குப் பிடித்த அமைதி. இன்று பிடிக்கவில்லை. முப்பிடாதியின் மூடிய வாயையே பார்த்தாள். ஜூனிலிருந்து பார்த்துப் பழகிய அதே வாய். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே விட்டால் முழுசாகப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் அடுத்த ஜூன்வரை திறக்குமோ என்னவோ.

பலகைப் பக்கம் திரும்பினாள்.

யாரும் பேசவில்லை. ஒரு இருமல்கூட இல்லை.

முப்பிடாதி என்ற பேருக்குப் பக்கத்தில், நிதானமாக, இன்னொரு இன்டு போட்டாள்.

வகுப்பு மொத்தமும் அதைப் பார்த்தது. லீடருக்கும் அது தெரியும். சாக்பீஸைப் பிடித்தபடி முப்பிடாதியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி! நான் இப்பப் பேசவே இல்லையே!"

டீச்சர் வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை.

முப்பிடாதி எழுந்தேவிட்டாள். "டீச்சர், நான் பேசவே இல்ல டீச்சர். இவ சும்மா சும்மா இன்டு போடுதா. வேணும்னா எல்லார்ட்டயும் கேட்டுப் பாருங்க டீச்சர்!"

டீச்சர் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டார். பலகையைப் பார்த்தார். பிறகு லீடரைப் பார்த்தார்.

"அவ பேசாம இருக்கும்போதா போட்ட?"

"ஆமா டீச்சர்."

தலை குனியவில்லை. கேட்பதற்கு முன்பே சாக்பீஸை டீச்சர் கையில் வைத்தாள். தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். கண் மட்டும் நிறைந்திருந்தது. அந்தப் பிள்ளையைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

டீச்சர் சாக்பீஸை மேசைமேல் வைத்தார்.

முப்பிடாதி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது. முகம் சிவந்திருந்தது.

டீச்சர் தன் நாற்காலியை அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்புறம்?" என்றார்.