ஏழாவது வரி

"நாலு கிலோ வரலைன்னா இன்னைக்கே பால் மாவு எழுதிடுவேன், பாத்துக்க" என்றார் நர்ஸ்.

புது நர்ஸ். பழையவர் விடுப்பில் போயிருக்கிறார். பேனா இவர் கையில் இருப்பதால் இன்றைக்கு இவர் வைத்ததுதான் சட்டம்.

என் மகளை எடைத்தட்டில் படுக்க வைத்தேன். பிறந்து பத்து வாரம். வீட்டில் கட்டெறும்பு என்போம். நிறமும் அப்படி, பிடித்தால் விடாத குணமும் அப்படி.

முள் ஆடி ஆடி மூன்று கிலோ தொள்ளாயிரத்து ஐம்பதில் நின்றது.

ஐம்பது கிராம் குறைகிறது. ஒரு நூல்கண்டு அளவுகூட இல்லை. நான் தையல்காரி, எனக்குத் தெரியாதா?

நர்ஸ் பேனா மூடியைக் கழற்றினார்.

மற்ற அம்மாக்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தை, அதாவது என் மாமியார், மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்தார். பைக்குள் பால் மாவு டின் இருக்கிறது. வாங்கி ஒரு மாதமாகிறது, இன்னும் மூடி திறக்கவில்லை. "உன்னால முடியுமாம்மா?" என்று தினமும் ஒரு தடவையாவது கேட்டுவிடுவார்.

எங்கே போனாலும் அவர் என் வலது பக்கம்தான் உட்காருவார். அந்தப் பக்கம் துப்பட்டா ஒரு விரற்கடை விலகினாலும் இழுத்துவிடுவார். கேட்டால், நாலு பேர் பார்க்கிறார்களாம்.

பார்த்தால் பார்க்கட்டுமே! நாலு பேரா வந்து என் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போகிறார்கள்?

"பேனாவ மூடுங்க. பத்து நிமிஷம் குடுங்க" என்றேன்.

"பத்து நிமிஷத்துல என்ன கிழிஞ்சிடப் போகுது?"

"பாத்துட்டுச் சொல்லுங்க."

பெஞ்சில் உட்கார்ந்து அவளை இடது பக்கம் அணைத்தேன். கட்டெறும்பு பாய்ந்து பிடித்தாள். முதல் வாரத்தில் புண்ணாகி ரத்தம் கசிந்தபோதே விடாதவள் நான். ஐம்பது கிராமுக்காகவா விடப் போகிறேன்?

எதிர்ச் சுவரில் தாய்ப்பாலின் நன்மைகள் என்று பத்து வரி எழுதி ஒட்டியிருந்தார்கள். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு குறையும், நெஞ்சுச் சளி குறையும், காதில் சீழ் வராது. தாய்க்குக் கருப்பை சீக்கிரம் சுருங்கும், ரத்தப்போக்கு குறையும். எல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஏழாவது வரியை மட்டும் வாசிக்க மாட்டேன். அந்த இடம் வந்தால் கண் தாண்டிப் போய்விடும்.

அவள் வாயை எடுத்ததும் தூக்கிக்கொண்டு போய் மறுபடி தட்டில் போட்டேன். அதே சட்டை, இடுப்பில் அதே ஈரத்துணி. பிறகு யாரும் ஒரு பேச்சு சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

நாலு கிலோ நாற்பது.

பெஞ்சிலிருந்த அம்மாக்கள் கை தட்டினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. நர்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அடேயப்பா, ஒரு பக்கத்துக்கே தொண்ணூறு கிராமா! வலது பக்கமும் குடு, இன்னும் ஏறும்."

"வேணாங்க. அவளுக்கு வயிறு நிறைஞ்சிடுச்சு."

"நானும் வந்ததுலேருந்து பாக்குறேன், இடது பக்கமே குடுக்குற. ரெண்டு பக்கமும் குடுக்காம சோம்பேறித்தனம் பண்ணினா எடை எப்படி ஏறும்? என் கண்ணு முன்னாடி அந்தப் பக்கம் குடு. இல்லைன்னா மாவு எழுதத்தான் போறேன்."

"குடும்மா, இங்க எல்லாரும் பொம்பளைங்கதானே" என்றாள் பெஞ்சிலிருந்த ஒருத்தி.

அத்தை எழுந்து வந்து துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்மா... வா, வீட்டுக்குப் போயிடலாம்" என்று காதோரம் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோம்பேறியாமே! ராப்பகலாக ஒற்றை ஆளாய் ஒரு உயிரை வளர்க்கிற எனக்கா அந்தப் பேர்?

பிள்ளையை அத்தை கையில் கொடுத்தேன். சட்டைக் கழுத்துக்குள் கையை விட்டு, உள்ளே வைத்திருந்ததை எடுத்து எடைத்தட்டில் வைத்தேன்.

"இந்தாங்க வலது பக்கம். இதையும் எடை போட்டுக்கங்க."

பழக்க தோஷம், நர்ஸ் முள்ளைப் பார்த்தார். இருநூறு கிராம். பஞ்சும் கொஞ்சம் கடுகும் வைத்து நானே தைத்தது. இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டுமென்று மூன்று தடவை பிரித்துத் தைத்தேன்.

நான் சுவரைப் பார்த்து, ஏழாவது வரியைச் சத்தமாக வாசித்தேன்.

"தாய்ப்பால் கொடுக்கும் தாய்க்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறையும்."

பிறகு நர்ஸைப் பார்த்தேன். "எனக்கு இவ பொறக்க ஆறு வருஷம் முன்னாடியே வந்துடுச்சு. ஒண்ண எடுத்துட்டாங்க. மிச்சம் இருக்குறதுல தாராளமா குடுன்னு அந்த டாக்டரே சொல்லிட்டார். நாலு கிலோ நாப்பது. எழுதிக்கங்க."

அவர் எழுதினார். பால் மாவு என்று எழுதவில்லை.

நான் வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அத்தை பிள்ளையை என்னிடம் கொடுத்தார். கலைந்து கிடந்த என் துப்பட்டாவைப் பார்த்தார், தொடவில்லை.

பையை எடுத்துக்கொண்டு சுற்றி வந்து, என் இடது பக்கம் உட்கார்ந்தார்.