நாலு ஹாலும் ஃபுல்

“ஒரு இடம்கூடக் காலி இல்லை. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்லணும், புரியுதா?” என்றார் முதலாளி.

செக்யூரிட்டி பலமாகத் தலையாட்டினார்.

“பதினோரு மணிக்கு கஸ்டமர் கார்ல வருவார். நேரா உள்ளே அனுப்பு. ஹீட்டர்காரன் வேன்ல வருவான். அவனைப் பின் கேட்டுல உட்கார வை. ரெண்டு பேரும் ஒருத்தர் கண்ணுல ஒருத்தர் படக் கூடாது.”

பக்கத்தில் இன்ஜினியர் பெண் நின்றிருந்தாள். கம்பெனிகள் தங்கள் சர்வர்களை வாடகைக்கு வைக்கும் இந்த டேட்டா சென்டருக்குத் திட்டம் போட்டவளே அவள்தான். “முதல்ல ஒரு ஹால் மட்டும் கட்டுவோம் சார், தேவை கூடக்கூட...” என்று அன்றைக்கே ஆரம்பித்தாள். மீதியைச் சொல்ல விட்டால்தானே? யாரையும் ஒரு வாக்கியம் முழுசாகப் பேச விட்டதாக முதலாளியின் சரித்திரத்தில் இல்லை.

“பிசினஸ் வளருதும்மா” என்று நாலு ஹாலையும் ஒரே மூச்சில் கட்டி முடித்தார். பிசினஸுக்குத்தான் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. இரண்டு வருடமாக ஈ ஓட்டுகிறார்கள், அதுவும் குளுகுளு ஏசியில்.

இன்றைக்கு இந்த கஸ்டமர் ஒப்புக்கொள்ளாவிட்டால் மாதக் கடைசியில் இழுத்து மூட வேண்டியதுதான். அவளோடு சேர்த்து முப்பது பேர் தெருவில் நிற்பார்கள். அந்தப் பயத்தில்தான் அவளும் வாயை மூடிக்கொண்டு இந்தக் கூத்துக்கு உடந்தையாக இருந்தாள்.

புது ஹாலுக்கு சர்வர்கள் வருவதற்கு முன், அவை கக்கும் சூட்டை ஏசி தாங்குமா என்று பார்க்க, சர்வர் அடுக்கும் ரேக்குகளில் வாடகை ஹீட்டர்களை வைத்துச் சோதிப்பார்கள். முதலாளி போனிலேயே பேசி அந்த ஹீட்டர்களை வரவழைத்து, நாலு ஹாலிலும் அடுக்கி, ரேக் கதவுகளைச் சாத்தி, ஒரு வாரமாக ஓட விட்டிருந்தார். வெளியே நின்று கேட்டால் நிஜ சர்வர் மாதிரியே உறுமின. கூட்டம் உள்ள கடைக்குத்தான் கூட்டம் வரும், கஸ்டமர் ஒப்புக்கொண்டதும் இடம் ஒழித்துக் கொடுத்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

கஸ்டமரை அவர் நேரில் பார்த்ததில்லை. போனில் அரை மணி நேரம் பேசியிருக்கிறார். பேசியது முழுக்க இவர்தான் என்பதால், கஸ்டமருக்கு என்ன வேண்டும் என்பது யாருக்கும் தெரியாது.

பதினோரு மணிக்கு கார் வந்தது. பளபளக்கும் ஷூவோடு ஒருவர் இறங்கினார்.

“வணக்கம் சார், நான்...”

“தெரியும் சார், உங்களைத் தெரியாதவங்க உண்டா?” முதலாளி கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே அழைத்துப் போனார்.

கரண்ட் சிக்கனம் என்றார். எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்றார். நாளைக்கே இரண்டு மடங்கு கேட்டாலும் தாங்கும் என்றார். சிக்கனத்தைப் பற்றி அவர் பேசிய பத்து நிமிடமும் இருநூறு ஹீட்டர்கள் கரண்டைக் குடித்துக்கொண்டிருந்தன.

வந்தவர் ஒரு ரேக்கின் பின்பக்கம் போய்க் கையை வைத்துப் பார்த்தார். பின்னாலேயே வந்த அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

“நல்லா சூடு வருதே” என்றார் அவர், திருப்தியாக.

“வராம? அத்தனையும் கஸ்டமருங்க டேட்டா சார். ராத்திரி பகலா ஓடுது.”

“ராத்திரி பகலாவா?” அவர் முகம் சுருங்கியது. “சார், நான் என்ன சொல்ல வந்தேன்னா...”

“முதல்ல காபி. அப்புறம் பேசலாம்.”

காபி வந்தது. முதலாளியின் வாய் கோப்பையில் மாட்டிக்கொண்ட அந்த அரை நிமிடத்தில்தான் வந்தவருக்குப் பேச வழி கிடைத்தது.

“சோதனைக்குன்னு சொல்லித்தானே சார் எடுத்தீங்க? இப்படி ராத்திரி பகலா ஓட்டினா என் ஹீட்டர் என்னத்துக்கு ஆகும்? வேன் பின்னாடி வந்துக்கிட்டிருக்கு. எல்லாத்தையும் இன்னிக்கே ஏத்திடுறேன்.”

முதலாளிக்குப் புரை ஏறியது. அவள் பின் கேட்டுக்கு ஓடினாள். செக்யூரிட்டி மட்டும் இருந்தார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

“வேன்ல யாராவது வந்தாங்களா?”

“வந்தார்ம்மா, அளக்கிற டேப்போட நாலு பேரைக் கூட்டிக்கிட்டு. மொத்த இடத்தையும் தானே எடுத்துக்கப்போறாராம், எத்தனை ஹால் காலியா இருக்குன்னு கேட்டார்.” செக்யூரிட்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். “முதலாளி சொன்னதை ஒரு எழுத்து மாறாமச் சொல்லி அனுப்பிட்டேன்.”