இரண்டு கண்ணாடி டம்ளர்கள்

பூச்சிமருந்துப் பதிவு அலுவலகத்தின் ஜன்னல் வெயில், அதிகாரியின் மேசைமேல் இருக்கும் இரண்டு கண்ணாடி டம்ளர்களுக்குள் இறங்கி நிற்கிறது. ஒன்றில் வந்தவருக்கு வைத்த தண்ணீர். மற்றதில், உரிமத்தைப் புதுப்பிக்க வந்த கம்பெனிக்காரர் பெருமையோடு தானே ஊற்றிக் காட்டிய புது மருந்து. "பழசுல நீலச் சாயம், நாத்தம். வாங்கறவங்க மூஞ்சியைச் சுளிக்கிறாங்க மேடம். இப்ப பாருங்க, பளிங்கு மாதிரி!" அதிகாரி முத்திரையைத் தொடவில்லை. "யாரும் தெரியாம குடிச்சிடக் கூடாதுன்னுதானே அந்தச் சாயமும் நாத்தமும் சேக்கணும்னு விதி வச்சிருக்கு?" "பாட்டில்ல மண்டையோடு போட்டிருக்கோமே. அதைப் பாத்துட்டுமா குடிப்பாங்க?" லேபிளை விரித்துக் காட்ட டம்ளர்களை அப்படியும் இப்படியும் நகர்த்துகிறார். தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசுகிறார். தலைக்குமேல் மின்விசிறி கடகடக்கிறது. குரல் கம்மிப்போகிறது, பேச்சுவாக்கில் அவர் கை ஒரு டம்ளரை எடுத்து உதடுவரை கொண்டுபோகிறது. அதிகாரி பதறி எழுகிறாள். அதற்குள் அந்தக் கை தானாகவே நின்றுவிடுகிறது. டம்ளருக்குள் வெயில் நடுங்குகிறது. மேசையில் இருக்கும் இன்னொன்றைப் பார்க்கிறார். கையிலிருப்பதை மோந்து பார்க்கிறார். வாடையே இல்லை. ஓசைப்படாமல் அதைக் கீழே வைக்கிறார். "இதுல எது மேடம் தண்ணி?" அதிகாரிக்கும் தெரியவில்லை.