கைராசி

அந்தக் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் வரவேற்பறைச் சுவரில் டாக்டர்களின் படங்கள் மாட்டியிருந்தன. யார் எங்கே படித்தார்கள், முன்பு எங்கே வேலை பார்த்தார்கள் என்று கீழே எழுதியிருக்கும். புதிதாக வந்த தில்லைநாயகியின் படத்துக்குக் கீழே மட்டும் ஒன்றுமில்லை.

"மேடம், இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க? இன்னைக்காவது சொல்லுங்க, எழுதிடறேன்" என்றாள் வரவேற்பில் இருக்கும் ஜெசிந்தா.

"அங்கயும் பிள்ளைங்ககூடத்தான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டு தில்லைநாயகி உள்ளே போய்விட்டாள். அது பெரியாஸ்பத்திரிப் பிணவறையில் என்பதை, வழக்கம்போல, சேர்க்கவில்லை. அங்கே பிரேதப் பரிசோதனைக்கு வரும் சின்ன உடம்புகளையெல்லாம் அவளிடமே விட்டுவிடுவார்கள். அவள் கை அவ்வளவு பதமானது.

இங்கே தாய்மார்களுக்கு சுவரில் எழுதியிருப்பதெல்லாம் தேவைப்படவில்லை. அவள் தொட்டால் எந்தக் குழந்தையும் அழாது என்று ஊரெல்லாம் பேச்சு.

அன்று வந்த கைக்குழந்தை வாசலிலிருந்தே வீறிட்டுக்கொண்டு வந்தது. தில்லைநாயகி வெந்நீரில் கை கழுவி, உள்ளங்கைகளைச் சூடுபறக்கத் தேய்த்து, பிறகுதான் அதன் நெஞ்சில் வைத்தாள். அழுகை சட்டென்று நின்றது. குழந்தை கைகால்களை நீட்டி, விட்டத்தைப் பார்த்தபடி, அசையாமல் படுத்துக்கொண்டது. அப்படித்தான் படுக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்த மாதிரி.

ஊசி இறங்கியது. அப்போதும் சத்தமில்லை.

"என்ன கைராசி டாக்டரம்மா உங்களுக்கு!" தாய் பூரித்துப்போனாள்.

தில்லைநாயகி குழந்தையின் காதருகே குனிந்தாள்.

"அழு கண்ணு" என்றாள். "ஒரே ஒரு தடவ அழுதுடு."